வாலிபர்களும் வாடகை வீடுகளும்

நமது நாட்டில் பெரியவர்கள் என்று சொல்லிக்கொள்ளுகின்றவர்களுக்கு இப்போது ஒரு புதுக் கவலை பிறந்திருக்கின்றது. அதாவது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றோருடன் இருப்பதில்லையாம். நாலெழுத்துப் படித்தவுடன் பட்டணத்துக்கு ஓடிவிடுகிறார்களாம். பட்டணத்திலும் ஓரிடத்தில் நிலைத்திராமல் வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறார்களாம். சம்பாதிப்பதையெல்லாம் ஓட்டலுக்கும் சினிமாவுக்கும் கொட்டிவிட்டு, அரை கிரவுண்டு மனை வாங்கக்கூடப் புத்தியில்லாமல் திரிகிறார்களாம். இதற்குப் புராணப் பிரசங்கி சொல்லும் காரணம் கலிகாலம். ஜோசியன் சொல்லும் காரணம் ஜாதகத்தில் நாலாமிடம் சரியில்லை என்பது. படித்த மேதாவிகள் சொல்லும் காரணம் வாலிபர்களின் மனப்போக்கு கெட்டுப்போய்விட்டது என்பது.

இந்த மூன்று கூட்டத்தாருக்கும் உள்ள ஒற்றுமை என்னவென்றால், மூவரும் வாடகையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்பதேயாகும்.

நாம் சொல்லுவது இதுதான். இன்று ஒரு வாலிபனோ ஒரு பெண்ணோ எங்கே குடியிருப்பது என்பது அவரவர் இஷ்டத்தினால் ஏற்படுகின்ற காரியமே அல்ல. அதைத் தீர்மானிக்கின்றவை இரண்டு. ஒன்று பணம், மற்றொன்று ஜாதி. பணம் இல்லாதவனை வாடகை ஊருக்கு வெளியே தள்ளுகின்றது. பணம் இருந்தாலும், அவனை ஜாதி வாசற்படியிலேயே நிறுத்தி, "உன் சாப்பாடு என்ன? உன் சொந்த ஊர் எது? உன் தகப்பன் பெயர் என்ன?" என்று விசாரிக்கின்றது. இந்த இரண்டையும் மறைத்துவிட்டு வாலிபனின் மனப்போக்கைப் பற்றிப் பேசுவது, கட்டிப்போட்டவனைப் பார்த்து ஏன் நடக்கவில்லை என்று கேட்பது போன்றதேயாகும்.

கணக்கைப் பார்ப்போம்

சென்னையில் ஒரு வாலிபனுக்கு மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுவோம். இதில் பாதிகூட வாங்காதவர்கள் ஏராளம் பேர் இருக்கின்றார்கள். அவன் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு கூடமும் ஒரு அறையும் ஒரு சமையலறையும் உள்ள போர்ஷன் ஒன்றை 12,000 ரூபாய் வாடகைக்குப் பார்க்கின்றான். சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி வாடகைக்கே போய்விட்டது. அது போகட்டும். சென்னையில் வெகுநாளாய் நடந்துவரும் வழக்கப்படி 10 மாத வாடகையை அட்வான்ஸாக வைக்க வேண்டும்; அது 1,20,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை 12,000 ரூபாய். முதல் மாத வாடகை 12,000 ரூபாய். ஆக, வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியது 1,44,000 ரூபாய். அதாவது, அந்த வாலிபன் ஏறக்குறைய 6 மாத காலம் சோறு தின்னாமலும், பஸ் ஏறாமலும், தாய் தகப்பனுக்கு ஒரு காசு அனுப்பாமலும் இருந்தால்தான் ஒரு வாடகை வீட்டின் சாவி அவன் கைக்கு வரும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகின்றது? தாயின் காதில் கிடக்கும் தோடு அடகுக் கடைக்குப் போகின்றது. அல்லது கந்து வட்டிக்காரன் கொடுக்கின்றான். கடன் வாங்கிய வாலிபன் மாதாமாதம் வட்டி கட்டுகின்றான். அட்வான்ஸை வாங்கி வைத்திருக்கும் வீட்டுக்காரரோ அவனுக்கு ஒரு காசும் வட்டி கொடுப்பதில்லை. காலி செய்யும்போது வெள்ளையடித்த செலவு, ஆணியடித்த செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளுவதும் சகஜமாகிவிட்டது. ஏழையின் பணத்தைப் பணக்காரன் வட்டியில்லாமல் வைத்துக்கொண்டிருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 'வழக்கம்' என்று பெயர். நம் நாட்டில் எந்த அக்கிரமத்தையும் நாலு தலைமுறை நடத்திவிட்டால் அது வழக்கமாகி, பிறகு சாஸ்திரமாகிவிடும் என்பது நாம் அறியாததல்ல.

சட்டம் இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். சட்டம் இருக்கின்றது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, தமிழ்நாட்டில் 2017-இல் ஒரு புதுச் சட்டம் செய்து, 2019 பிப்ரவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்றும், காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கின்றது. வெகு நன்றாயிருக்கின்றது. ஆனால், அதே வாக்கியத்தில் 'வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் ஒழிய' என்றும் எழுதி வைத்திருக்கின்றார்கள். இது, 'திருடக் கூடாது. திருடுகிறவனும் பறிகொடுக்கிறவனும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் திருடலாம்' என்று சொல்லுவதைப் போன்றது அல்லவா? பெண்டாட்டியையும் பெட்டி படுக்கையையும் தெருவில் வைத்துக்கொண்டு நிற்கின்றவன் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டான்? வீடில்லாதவனுக்கும் வீடுள்ளவனுக்கும் நடுவில் நடக்கும் ஒப்பந்தம், பசித்தவனுக்கும் சோற்றுப் பானைக்காரனுக்கும் நடக்கும் ஒப்பந்தம்தான்.

இந்தப் பணம் இல்லாதவன் என்ன செய்கின்றான்? தனி ஆளாயிருந்தால் திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாலு பேரோடு ஒரு அறையில் ஒண்டுகின்றான். குடும்பமானால் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, ஆவடி, திருநின்றவூர் என்று வெளியே வெளியே போகின்றான். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள்தொட்டு இப்படித்தான் நடந்து வருகின்றது. ரயில் எதுவரை போகின்றதோ, அதற்கும் அப்பால் ஏழை போகின்றான். அவன் அங்கே போனது காற்றோட்டத்தை விரும்பியல்ல. போக 2 மணி, வர 2 மணி என்றால் ஒரு நாளைக்கு 4 மணி நேரம். மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போனால் 100 மணி நேரம். அதாவது 8 மணி நேர வேலையில் 12 நாளுக்கு மேற்பட்ட உழைப்பை, கூலியில்லாமல், ரயிலிலும் பஸ்ஸிலும் நின்றுகொண்டே செலுத்துகின்றான். வாடகையில் குறைந்ததை ஆயுளில் கொடுக்கின்றான். இவனைப் பார்த்துத்தான், "படிப்பதற்கும் பொதுக்காரியத்துக்கும் இக்கால வாலிபர்களுக்கு அக்கறையில்லை" என்கிறார்கள்.

வீடு இல்லையா? பூட்டியிருக்கின்றதா?

ஜனத்தொகை பெருகிவிட்டது, வீடு போதவில்லை, என்ன செய்வது என்று சிலர் சமாதானம் சொல்லுகின்றார்கள். 2012-இல் இந்திய சர்க்காரே ஒரு நிபுணர் குழுவை வைத்துக் கணக்கெடுத்ததில், நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று தெரியவந்தது. அதில் ஏறக்குறைய 5-இல் 4 பங்கு, வீடே இல்லாத குறையல்ல; நெருக்கடிக் குறை. அதாவது, கல்யாணமான மகனும் மருமகளும் தனியாகப் படுக்க ஒரு அறை இல்லாமல், ஒரே கூடத்தில் பாயை விரித்து, நடுவே ஒரு புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு காலந்தள்ளும் குடும்பங்களின் குறை. நம் கலாச்சாரத்தின் பெருமை என்று மேடைகளில் பேசப்படுகின்ற கூட்டுக்குடும்பம் என்பது, எத்தனையோ வீடுகளில், இன்னொரு அறைக்கு வாடகை கொடுக்க வகையில்லாத குடும்பமேயாகும்.

சரி, மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டாமா? 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், இதே இந்தியாவின் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1 கோடியே 10 லட்சம்! ஒரு பக்கம் படுக்க அறையில்லாத தம்பதிகள். மறுபக்கம் எலியும் கரப்பானும் குடியிருக்கும் வீடுகள். இது எந்தக் கடவுளின் கட்டளை? பூட்டி வைத்திருக்கின்றவன் அதைக் குடியிருக்கக் கட்டவில்லை. நகையை வாங்கிப் பெட்டியில் வைப்பது போல, விலை ஏறட்டும் என்று சுவரை எழுப்பிப் பூட்டி வைத்திருக்கின்றான். முன்னே பொன்னைப் புதைத்து வைத்துப் பூதம் காப்பதாய்ச் சொன்னார்கள். இப்போது வீட்டைக் கட்டி வைத்துப் பூட்டு காக்கின்றது.

வாசற்படியில் ஜாதி

இதுவரை பணத்தைப் பற்றிச் சொன்னோம். பணம் ஒன்றுதான் தடையென்றால் இதை எழுதும் வேலையைச் சங்கக்காரர்களுக்கும் பொதுவுடைமைக்காரர்களுக்கும் விட்டுவிடலாம். ஆனால், பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனுக்கும் வீடு கிடைப்பதில்லையே, அதற்கு என்ன பதில்?

கிராமத்தில் ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து, யார் எங்கே குடியிருப்பது என்பதை ஜாதியே எழுதி வைத்துவிட்டது. அங்கே வாடகைப் பேச்சுக்கே இடமில்லை. பிறந்த இடமே கிடக்கும் இடம். 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் புகழ்ந்தவர்களைக் கண்டித்துப் பேசியதற்குக் காரணமும் இதுவேதான். அந்தக் கிராமத்தைவிட்டுத் தப்பிப் பட்டணத்துக்கு வருகின்றவன், இங்கே தன்னை யாரும் அறியமாட்டார்கள், பணத்தைக் கொடுத்தால் மனிதனாய் இருக்கலாம் என்று நம்பி வருகின்றான். பட்டணமோ, கிராமத்தில் கேட்காத கேள்வியைக் கேட்கின்றது. கிராமத்தில் அவன் ஜாதி எல்லோருக்கும் தெரியும், ஆகவே கேட்பதில்லை. பட்டணத்தில் தெரியாது; ஆகவே கேட்கின்றார்கள்.

இது புதிதல்ல. 1917-இல், கொலம்பியா சர்வகலாசாலையிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்க வந்த 26 வயது அம்பேத்கருக்கு அந்த ஊரில் ஒரு வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. ஒரு இந்து நண்பரையும் ஒரு கிறிஸ்தவ நண்பரையும் இடம் கேட்டார். இருவரும் சாக்குச் சொன்னார்கள். ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, பம்பாய்க்கு ரயில் ஏறினார். இதை அவரே எழுதி வைத்திருக்கின்றார். பின்னாளில் இந்த நாட்டுக்கே அரசியல் சட்டம் எழுதிக் கொடுத்தவருக்கு, வாலிபத்தில் ஒரு அறை வாடகைக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் பணம் இல்லாமலா? படிப்பு இல்லாமலா? உத்தியோகம் இல்லாமலா?

அது நூறு வருஷத்துக்கு முன் நடந்தது என்று தள்ளிவிடப் பார்க்க வேண்டாம். டில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் பேராசிரியர் சுகதேவ் தோரட் முதலியோர் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே மாதிரி வீடு கேட்டுப் போனவர்களில் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மறுப்பும், அதிக வாடகையும், புது நிபந்தனைகளும் கிடைத்தன என்று நிரூபித்திருக்கின்றார்கள்.

நம் தமிழ்நாட்டு வீட்டுக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஜாதியைக் கேட்டால் அநாகரிகம் என்று தெரியும். ஆதலால், "நீங்கள் சைவமா அசைவமா?" என்று கேட்கின்றார்கள். வாசலில் 'சைவம் மட்டும்' என்று பலகை தொங்கவிடுகின்றார்கள். இது நாக்கைப் பற்றிய கேள்வியா, நரம்பில் ஓடும் ஜாதியைப் பற்றிய கேள்வியா? குடித்தனக்காரன் கத்தரிக்காயே தின்கின்றவனாய் இருந்தாலும், பெயர் அப்துல் என்றால் வீடு உண்டா? சிவனுக்கே மாமிசத்தைப் படைத்த வேடன் கண்ணப்பனுக்கு அறுபத்து மூவர் வரிசையில் இடம் உண்டு. கோவிலுக்குள்ளே சிலை உண்டு. அந்தக் கோவிலைச் சுற்றியிருக்கும் மாட வீதியில் ஒரு போர்ஷன் மாத்திரம் அவனுக்கு வாடகைக்குக் கிடைக்காது!

இந்தப் பலகையைப் பார்ப்பனர் மாத்திரம் தொங்கவிடுகின்றார்கள் என்று நினைத்து நம்மவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். தன் வீட்டில் ஞாயிறு தோறும் ஆட்டுக்கறி ஆக்கித் தின்னும் சூத்திர வீட்டுக்காரரும், தாழ்த்தப்பட்டவன் வாடகைக்கு வந்தால் திடீரென்று சைவராகிவிடுகின்றார். பார்ப்பான் தன்னை அக்கிரகாரத்தில் விடவில்லை என்று நேற்றுவரை அழுதவர், இன்று மாடி கட்டியவுடன் தன் மாடியையே அக்கிரகாரமாக்கிக்கொள்ளுகின்றார். தரகரோ, பெயரைக் கேட்டவுடனேயே, "அந்த வீடு நேற்றே போய்விட்டதே" என்கின்றார். அந்த வீட்டு வாசலில் டு-லெட் பலகை இன்னும் ஒரு மாதம் தொங்கிக்கொண்டிருக்கின்றது.

1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில், தீண்டாமையின் பேரால் ஒருவன் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கின்றது. ஆனால் எந்த வீட்டுக்காரன் காரணத்தைச் சொல்லி மறுக்கின்றான்? அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை எல்லாம் பெயர் சொல்லி வரிசையாய் வருகின்றன. அந்த வரிசையில் வாடகை வீடு இல்லை. 2005-இல் ஆமதாபாத் பார்சிக் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில், தங்கள் மதத்தாரை மாத்திரமே அங்கத்தினராகச் சேர்ப்போம் என்ற விதி செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

1924-இல் வைக்கத்தில், கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் இரண்டு தடவை சிறைக்குப் போனார். இன்று எல்லாத் தெருவிலும் எல்லோரும் நடக்கின்றார்கள். ஆனால் நடக்கத்தான் முடிகின்றது, நடந்து போகின்றவன் அதே தெருவில் ஒரு வீட்டின் முன் நின்று, "வாடகைக்கு உண்டா?" என்று கேட்டால் வைக்கம் மறுபடியும் வந்துவிடுகின்றது.

பெண்களும் காதல் மணத் தம்பதிகளும்

வாலிபன் பாடே இப்படியானால் பெண்ணின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. தனியாய் வேலைக்குப் போகும் பெண் வீடு கேட்டால், எத்தனை மணிக்கு வருவாய், யார் யார் வருவார்கள், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று வீட்டுக்காரர் மாமனார் உத்தியோகம் பார்க்க ஆரம்பித்துவிடுகின்றார். தகப்பன், புருஷன், பிள்ளை என்று மூன்று பேரின் காவலில் பெண் இருக்க வேண்டும் என்ற மனுவின் பட்டியலில் நாலாவது காவலாளியாக வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில், கைப்பேசித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இரவோடிரவாகச் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாட்டில் நஞ்சு கலந்து பலர் ஆஸ்பத்திரிக்குப் போனதே காரணம். அப்போதுதான் அந்தப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு தரையில் படுத்துக் கிடந்த கதையெல்லாம் உலகத்துக்குத் தெரியவந்தது. அவர்கள் சாலையில் உட்கார்ந்ததற்குப் பிறகு, 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படியான குடியிருப்பு சர்க்கார் முயற்சியால் திறக்கப்பட்டது. நாம் இதை வரவேற்கின்றோம். வேலைக்கு ஆள் வேண்டும் என்றவுடன் இருப்பிடமும் கட்ட முடியும் என்பது இதனால் ருஜுவாகிவிட்டதல்லவா? ஆனால் விடுதி வீடாகிவிடாது. படுக்கையைக் கொடுத்துவிட்டுக் கதவின் சாவியைத் தானே வைத்துக்கொள்ளும் இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு இருக்கலாம், சுதந்திரம் இல்லை.

ஜாதிவிட்டு மணம் செய்துகொண்டவர்களின் நிலைமை இதைவிடக் கொடிது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகில், பட்டப்பகலில், நூற்றுக்கணக்கான ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஜாதிவிட்டு மணந்த ஒரு வாலிபன் வெட்டிக் கொல்லப்பட்டான். இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு வேற்றூரில் ஒரு வீடு கிடைப்பது சௌகரியத்தைப் பற்றிய பேச்சல்ல. உயிரைப் பற்றிய பேச்சு. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும், இவர்களுக்காக ஜில்லாத் தலைநகர்தோறும் பாதுகாப்பு இல்லம் வைப்பதைப் பற்றி மாகாண சர்க்கார்கள் ஆலோசிக்க வேண்டும் என்றது. ஆனால் எத்தனை நாள் ஒளிந்திருக்க முடியும்? அதன் பிறகு ஒரு வாடகை வீடு வேண்டுமே! அங்கே போனால், "தாலி எங்கே? பெரியவர்கள் யாரும் வரவில்லையா? இரண்டு பேரும் ஒரே ஆட்களா?" என்று கேட்கின்றார்கள். புரோகிதன் இல்லாத நம் சுயமரியாதைக் கல்யாணத்தைச் சட்டம் 1967-இல் ஒப்புக்கொண்டது. வீட்டுக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மணமாகாத ஆணும் பெண்ணும் ஒரு விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கச் சட்டம் ஒன்றும் இல்லை என்று 2019-இல் சென்னை ஹைகோர்ட் சொல்லிவிட்டது. வீட்டுக்காரரோ தம்மை ஹைகோர்ட்டுக்கும் மேலான நீதிபதியாக நினைத்துக்கொண்டிருக்கின்றார்.

"என் வீடு, என் இஷ்டம்"

இதையெல்லாம் சொன்னால், "என் வீடு, நான் கட்டியது, என் இஷ்டப்பட்டவனுக்குத்தான் விடுவேன், இதைக் கேட்க நீ யார்?" என்கின்றார்கள். இது மிகவும் பழைய பாட்டு. கிணற்றுக்காரன் அப்படித்தான் சொன்னான். சலூன்காரன் அப்படித்தான் சொன்னான். 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற எழுத்தை எடுக்கச் சொல்லி நம் தோழர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்களே, அந்த ஓட்டல்காரருக்கும் ஓட்டல் சொந்தந்தான். காசு வாங்கிக்கொண்டு இட்டிலி விற்கின்றவன் ஜாதி கேட்கக் கூடாது என்பது நியாயமானால், காசு வாங்கிக்கொண்டு கூரை விற்கின்றவன் மாத்திரம் கேட்கலாம் என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? இட்டிலி ஒரு வேளைப் பசிக்கு. கூரை வாழ்நாள் முழுவதற்கும் அல்லவா?

வாடகை ஒழுங்காய் வர வேண்டும், வீட்டைப் பாழாக்கக் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது என்று நிபந்தனை போடட்டும். அவை நடத்தையைப் பற்றியவை. நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். பிறப்பையும், பெயரையும், சட்டியையும், தாலியையும் விசாரிக்கும் நிபந்தனைகள் நடத்தையைப் பற்றியவை அல்ல.

வேடிக்கை என்னவென்றால், குடிவருகின்றவனின் ஜாதியை இவ்வளவு நுட்பமாய் ஆராய்கின்ற அதே மனிதர், வீடு கட்டும்போது வாஸ்து பார்ப்பவன் சொன்னதைக் கேட்டுக் கக்கூசை இடித்து மூலை மாற்றி மூலை கட்டுகின்றார். அந்தச் செலவையும் குடித்தனக்காரன் தலையிலேயே வாடகையாய் ஏற்றுகின்றார். கிழக்குப் பார்த்த வாசலுக்கு ஒரு விலை, தெற்குப் பார்த்த வாசலுக்கு ஒரு விலை! அறை எத்தனை அடி நீளமிருந்தால் என்ன பலன் என்று அடுக்கிச் சொல்லும் மனையடி சாஸ்திரம், அந்த அறையில் குடியிருப்பவன் சம்பளத்தில் எத்தனை பங்கு வாடகையாய்ப் போனால் என்ன பலன் என்று எங்கேயாவது சொல்லுகின்றதா?

மற்ற நாட்டார் செய்தது

இது தலைவிதி அல்ல என்பதற்கு மற்ற நாடுகளே சாட்சி. ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரத்தில், முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு தொழிலாளர்கள் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். நகர சபையைச் சோஷலிஸ்டுகள் கைப்பற்றி, 1923-இல் வீட்டு வரி ஒன்று போட்டார்கள். மாளிகைக்குப் பெருவரி, குடிசைக்குச் சிறுவரி. அந்தப் பணத்தைக் கொண்டு 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். கார்ல் மார்க்ஸ் பெயரால் கட்டப்பட்ட ஒரே கட்டடத்தில் 1,300-க்கு மேற்பட்ட வீடுகள். 1934-இல் சர்வாதிகார சர்க்கார் அந்தக் கட்டடத்தின் மேல் பீரங்கிக் குண்டு போட்டது. ஏழைக்கு நல்ல வீடு கிடைப்பதைக் கண்டு அவ்வளவு ஆத்திரம்! ஆனாலும் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கின்றது. நகர சபைக்கு இன்று சுமார் 2,20,000 வாடகை வீடுகள் சொந்தமாய் இருக்கின்றன.

நம் தமிழர்கள் பெருவாரியாய் வாழும் சிங்கப்பூரில் 1960-இல் வீட்டு வசதி வாரியம் ஏற்படுத்தினார்கள். இன்று அந்நாட்டுக் குடிகளில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் வாரிய வீடுகளில் இருக்கின்றார்கள். அது மாத்திரமல்ல, 1989 முதல், ஒரு கட்டடத்தில் சீனர் இத்தனை, மலாய்க்காரர் இத்தனை, இந்தியர் இத்தனை என்று அளவு வைத்து, எந்த இனமும் தனிச்சேரியாய் ஒதுங்காதபடி செய்திருக்கின்றார்கள். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. கல்யாணமாகாத தனி ஆளுக்கு 35 வயதுவரை வாரிய வீடு வாங்க உரிமையில்லை என்பது வாலிபர்களுக்குச் செய்யும் அநீதியே. என்றாலும், யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதைச் சர்க்கார் மாற்றியமைக்க முடியும் என்பது அங்கே நிரூபிக்கப்பட்டுவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? 1997-இல் கலைஞர் கருணாநிதி சர்க்கார் பெரியார் பெயரால் சமத்துவபுரம் திட்டம் கொண்டுவந்தது. 100 வீடுகளில் 40 தாழ்த்தப்பட்டவர்களுக்கு, 25 பிற்பட்டவர்களுக்கு, 25 மிகவும் பிற்பட்டவர்களுக்கு, 10 மற்றவர்களுக்கு, அடுத்தடுத்த சுவர், நடுவில் பெரியார் சிலை. இதைக் கிராமத்து எல்லையில் கட்ட முடிந்த நாட்டில், சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் வேலை செய்கின்ற வாலிபர்களுக்கு வாடகைச் சமத்துவபுரங்கள் ஏன் கட்டக் கூடாது? இங்கே நடப்பதோ தலைகீழ். கூவக் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்த ஏழைகளைப் பெயர்த்து, ஊரின் தென்கோடியில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஒரேயடியாய்க் குவித்தார்கள். அங்கே வளர்ந்த வாலிபர்கள், விலாசத்தைச் சொன்னவுடனேயே வேலை கொடுக்க மறுக்கின்றார்கள் என்று முறையிடுகின்றார்கள். சேரியை ஒழிக்கிறேன் என்று சொல்லி, அதை எட்டு மாடி உயரத்தில் கட்டி வைத்தால் அது சேரி ஒழிப்பாகுமா?

செய்ய வேண்டியது

நாம் கேட்பவை நாலு. முதலாவது, அட்வான்ஸ் 3 மாதத்துக்கு மேல் எந்த ஒப்பந்தத்தின் பேராலும் வாங்கக் கூடாது என்று, அந்த 'ஒழிய' என்ற வார்த்தையைச் சட்டத்திலிருந்து ஒழிக்க வேண்டும். இரண்டாவது, ஜாதி, மதம், உணவு, மணநிலை இவற்றைச் சொல்லியோ, விளம்பரம் செய்தோ, பலகை தொங்கவிட்டோ வீடு மறுப்பது குற்றம் என்று தனியாய்ச் சட்டம் வேண்டும். மூன்றாவது, ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும் நகரத்து வீடுகளுக்கு வரி போட வேண்டும். நாலாவது, அந்த வரியைக் கொண்டு வேலை இருக்கும் இடத்திலேயே, எல்லா ஜாதியாரும் கலந்து இருக்கும்படி, சர்க்கார் வாடகை வீடுகள் கட்ட வேண்டும்.

இவை சர்க்கார் செய்ய வேண்டியவை. இவற்றுக்காகக் கூட்டம் போட வேண்டும். தீர்மானம் செய்ய வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகின்றவர்களை நிறுத்திக் கேட்க வேண்டும். ஆனால், சர்க்காருக்காகக் காத்திராமல் நாமே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கின்றது. நம் இயக்கத்தில் வீடு உள்ள தோழர்கள் இல்லாமல் இல்லை. கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் ஜாதியை ஒழிக்கின்றவர், வீட்டுக்குத் திரும்பியதும், "நமக்கென்ன தோழரே, ஆட்சேபணை கிடையாது, கீழ்ப் போர்ஷனில் இருக்கின்றவர்கள் ஒரு மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதாவது சொல்லுவார்கள், பொம்பளைகளும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்" என்று சொல்லுவாரானால், அவருக்கும் 'சைவம் மட்டும்' பலகைக்காரருக்கும் என்ன வித்தியாசம்? அவராவது பலகையில் எழுதி வெளியே தொங்கவிட்டார். இவர் மனதில் எழுதி உள்ளே வைத்திருக்கின்றார்.

தோழர்களே! ஊருக்கு ஒரு தோழர், ஒரே ஒரு போர்ஷனை, ஜாதி கேட்காமல், 3 மாத அட்வான்ஸுக்கு மேல் வாங்காமல் விட்டாரானால், ஜாதிவிட்டு மணந்த ஒரு தம்பதி உயிரோடு இருப்பதற்கு ஒரு கூரை கிடைக்கும். அந்த விலாசம் நம் கிளைக் கழகத்தில் இருக்குமானால், நள்ளிரவில் பெட்டியோடு பஸ் நிலையத்தில் நிற்கும் பெண்ணுக்கு எங்கே போவது என்று தெரியும். ஆயிரம் சொற்பொழிவு செய்யாததை ஒரு வீட்டுச் சாவி செய்யும். வீடுள்ள தோழர்கள் அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, தங்கள் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்து வருவார்களாக.